கேட்டுப் போக ஒரு வீடு

அபூசாலி ஹாஜியாரின் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணீர் சிந்தினால் அது சிந்திய இடத்தில் நிற்காது. கிழக்கே ஓடி, கடல் பக்கத்து அறைக்குள் புகுந்து, கட்டிலுக்கு அடியில் போய்த்தான் நிற்கும். சுனாமி வந்த அன்று தரைக்குக் கீழே இருந்த மண்ணைக் கடல் சுரண்டிக்கொண்டு போய்விட்டது. வீடு விழவில்லை. தரை மட்டும் கிழக்குப் பக்கமாக அமர்ந்துவிட்டது. அடுத்த வருடம் நிவாரணமாகக் கிடைத்த சீமெந்தை வைத்து, அந்த வீட்டு மருமகன் ஜுனைட் தன் கையாலேயே வெடிப்புகளுக்குக் கொங்கிறீட் போட்டான். அவன் வயல்காரன். அவன் போட்ட தரையும் வயலும் வரம்பும் போலத்தான் இருந்தது.

அதை மட்டமாக்கி டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று ஹாஜியார் என்னைத் தேடி வந்தது 2009 ஜூன் தொடக்கத்தில். யுத்தம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. லொறிகள் தடையில்லாமல் வரத் தொடங்கியதும் கல்முனைக்குடியில் எல்லோருக்கும் டைல்ஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் ஹாஜியார் கேட்டால் மறுக்க முடியாது, எதிர் வளவுக்காரர்.

"பஸ்லியாட கலியாண விசயம், சீனி. மாதக் கடைசிக்குள்ள முடிச்சித் தரணும்" என்றார்.

நான் சீனிமுகம்மது. முப்பது வருட மேசன். என் வேலையில் குறை சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை, வாயில்தான் குறை. மனதில் வந்தது அடுத்த நிமிடம் வாயில் வந்துவிடும். இதற்காகவே என் மனைவி என்னைக் கலியாண வீடுகளுக்குக் கூட்டிப்போவதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் வாழ்வார். ஆணுக்கு முதலில் உம்மா வீடு, பிறகு பொஞ்சாதி வீடு, அவ்வளவுதான். ஹாஜியாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நபீலாவுக்கு இந்த வீட்டைக் கொடுத்து, வரிப்பத்தான்சேனையிலிருந்து ஜுனைட்டை மாப்பிள்ளையாக எடுத்தார். கடல் வந்த அன்று வீட்டில் இருந்தவள் நபீலா மட்டும். ஹாஜியாரும் மனைவியும் இளையவள் பஸ்லியாவும், நபீலாவின் இரண்டு வயது மகள் நஸ்மியாவும் முதல் நாளே அக்கரைப்பற்றுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். ஜுனைட் நற்பிட்டிமுனையில் வயலில் நின்றான். கடல் கொண்டுபோன நபீலாவின் மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது.

அதன் பிறகும் ஜுனைட் அந்த வீட்டிலேயே இருந்தான். மகள் அங்கே இருந்தாள், அதனால் அவனும் இருந்தான். ஹாஜியாரின் வயலைச் செய்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான், இரவில் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தான். கலியாணம் முடிக்காத பெண் இருக்கும் வீட்டில் இப்படி ஒரு மனிதன் எத்தனை நாளைக்கு என்று ஊர் கதைத்தது. மூத்தவள் மவுத்தானால் இளையவளை அதே மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பது எங்களில் வழமை. பிள்ளைக்குச் சாச்சியே உம்மாவாகிவிடுவாள். ஆகவே பஸ்லியாவின் கலியாணம் என்று ஹாஜியார் சொன்னதும், மாப்பிள்ளை ஜுனைட்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

என் கையாள் கதிர்காமத்தம்பி காரைதீவுக்காரன். அந்தக் கிழமை அவனுடைய ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு. சடங்கு முடியாமல் சீமெந்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதனால் ஜுனைட் எனக்கு உதவிக்கு நின்றான்.

தரையை மட்டமாக்குவதில் முதல் வேலை கொத்துவது அல்ல, அளப்பது. தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ஒருவர் ஒரு சுவரில் பிடிக்க வேண்டும், மறு முனையை இன்னொருவர் எதிர்ச் சுவரில். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு. அந்தக் கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இடத்துக்கு இடம் அளந்தால் மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்துவிடும். ஹாஜியார் வீட்டில் மேற்கு மூலைக்கும் கிழக்கு மூலைக்கும் இரண்டரை இஞ்சி வித்தியாசம். நடுவில் ஜுனைட் போட்ட கொங்கிறீட் ஆமை முதுகு மாதிரி எழும்பி நின்றது.

"மாப்பிள்ள, இதுக்கு நீங்க போடாமலே இரிந்திரிக்கலாம்" என்றேன்.

அவன் உளியை எடுத்தான். இரண்டு நாள் கொத்தினோம். எனக்கு வேலை செய்யும்போது கதைக்காமல் இருக்க முடியாது. "ரெண்டு தரம் ஒரே ஊட்டுக்கு மாப்பிள்ளையா வாற ஆள் நீங்கதான்" என்றேன். "மாமனார் கலியாணத்துக்கு முன்னுக்கே வேலை வாங்கிறார் போல" என்றேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் பகல், கடல் பக்கத்து அறையில் நின்று, குசினிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்:

"இந்த அறைக்கு என்ன நிறம் டைல்ஸ் எண்டு பஸ்லியாட்ட கேட்டீங்களா? கட்டப் போறவங்க ரெண்டு பேரும் கதைச்சி முடிவெடுங்க. மறுகா என்னைப் பேசப்படா."

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

ஜுனைட் உளியைக் கீழே வைத்தான். "காக்கா, மாப்பிள்ள நான் இல்ல" என்றான் மெதுவாக. "சாய்ந்தமருதுல ஒரு இடம். மாப்பிள்ள அரசாங்கக் கந்தோர்ல வேலை. மாதக் கடைசியில ஊடு பார்க்க வாறாங்க. பார்த்துப் புடிச்சாத்தான் பேச்சு முடியும். தரை இப்படிக் கிடந்தா சரிவராது எண்டு தரகர் செல்லிட்டாராம்."

"அப்ப நீ?"

"புது மாப்பிள்ள வாற ஊட்டுல பழைய மாப்பிள்ளைக்கு என்ன வேலை? வரிப்பத்தான்சேனையில கூடப்பொறந்த ராத்தாட ஊடு இரிக்கி. போகணும்."

"புள்ள?"

"புள்ள இஞ்சதான். அவள் வளர்ந்த ஊடு. பொம்புளப் புள்ளய இழுத்துக்கிட்டு நான் எங்க போற?"

திரும்பவும் கொத்தத் தொடங்கினான். தரை மட்டமானால் அவன் வெளியே போக வேண்டும். வேறு எவனாவது இருந்தால் உளியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பான். இவன் என்னைவிடக் கவனமாகக் கொத்திக்கொண்டிருந்தான். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. இரண்டு நாளாக அந்த மனிதனின் நெஞ்சில் ஏறி நின்று மிதித்திருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

பின்னேரம் ஜுனைட் றோட்டில் கொட்டிக் கிடந்த மணலை அள்ளப் போன நேரம், பஸ்லியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக் கதவடியில் வந்து நின்றாள். இருபத்தாறு வயது. அதிகம் கதைக்காத பிள்ளை.

"சாச்சா, நீங்க கதைச்ச கதையில மச்சான்ட மொகம் செத்துப்போச்சி."

"தெரியாமக் கதைச்சிட்டன் மகள்."

"வாப்பா என்னை அவருக்குக் கேட்டவராம். அவர் வேணாம் எண்டு செல்லிட்டாராம். ரெண்டு வருஷமாச்சி." கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டு சொன்னாள். "நான் கலியாணத்தை நிப்பாட்டச் செல்லல்ல. வாப்பா பார்க்கிற இடத்துக்குப் போவன். என்னில என்ன குறை எண்டு மட்டும் அவருக்கிட்டக் கேட்டுச் செல்லுங்க. ஒரே ஊட்டுக்குள்ள இரிக்கிறம். எனக்குத் தெரியணும்."

தெரியணும் என்று சொன்னபோது அவளுடைய குரல் உடைந்தது. உடனே உள்ளே போய்விட்டாள்.

கொத்தி முடித்த பிறகு மறுபடியும் குழாய் பிடித்து அளவு சரிபார்க்க வேண்டும். ஒரு முனையில் நான், மறு முனையில் ஜுனைட். தண்ணீர் அசையாமல் நின்ற நேரம் கேட்டேன்.

"பஸ்லியாவ ஏன் வேணாம் எண்டு செல்லின?"

என் முனையில் தண்ணீர் மேலும் கீழும் ஆடியது.

"ஆரு காக்கா என்னட்டக் கேட்ட?"

"ஹாஜியார்."

"வல்லாஹி ஒருத்தரும் கேக்கல்ல."

"கேட்டிரிந்தா?"

"கேக்காத கேள்விக்கு என்னெண்டு பதில் செல்ற?"

"நீயே வாயைத் திறந்திருக்கலாமே?"

"மாப்பிள்ள போய்ப் பொண்ணைக் கேக்கிறதா, காக்கா? எங்கட ஆக்கள்ள எங்க நடந்திரிக்கி அப்படி? அதுவும் அந்த மனுசன்ட சோத்தைத் திண்டுக்கிட்டு, அவர்ட விறாந்தையில படுத்துக்கிட்டு, மத்த மகளையும் தாங்க எண்டு கேக்கவா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். எங்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். ஊரில் இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போய், ஸலாம் சொல்லி உட்கார்ந்து, இன்ன பிள்ளைக்கு உங்கள் மகனைக் கேட்டு வந்தோம் என்று வாயால் சொல்ல வேண்டும். கேட்காமல் ஒரு மாப்பிள்ளை வந்து ஏறினால் சாகும்வரை அவனுக்கு மரியாதை இல்லை.

அன்று பொழுதுபட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு ஹாஜியார் பள்ளியைவிட்டு வெளியே வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஜுனைட்ட கேட்டதா ஊட்டுல செல்லியிரிக்கீங்க. அவன்ட நீங்க கேக்கவே இல்லையாம். ஏன் ஹாஜியார் இந்தப் பொய்?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார்.

"எங்க போய்க் கேக்கச் செல்ற, சீனி? மாப்பிள்ள கேக்கிறதெண்டா மாப்பிள்ள இரிக்கிற ஊட்டுக்குப் போகணும். அவன் இரிக்கிற ஊடு என்ட ஊடு. என்ட கேற்றால வெளிய போய், என்ட கேற்றாலயே உள்ளுக்கு வந்து, என்ட விறாந்தையில இரிக்கிறவனுக்கு ஸலாம் செல்லிக் கேக்கவா? ஊர் சிரிக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஐந்து வருடம் ஒரு கேற்றைக் காரணம் காட்டி இரண்டு பேரைக் காயப் போட்டு வைத்திருக்கிறார்.

"அதுக்கு அவன் வேணாமெண்டான் எண்டு புள்ளைக்கு ஏன் செல்லின?"

"அவள்ட உம்மா கேட்டுக் கேட்டு உசிரை எடுத்தாள். ஒண்டைச் செல்ல வேணாமா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை தரை போடும் வேலை. கொத்திய தரையைத் தேய்த்துக் கழுவி, சீமெந்தைப் பால் மாதிரிக் கரைத்துப் பூசி, அதன் மேல் கலவையைக் கொட்டி, சுவரில் போட்ட கோட்டின்படி மட்டப்பலகையால் இழுத்து இழுத்து வரவேண்டும். உள் மூலையில் தொடங்கி வாசல்வரை பின்பக்கமாகவே வரவேண்டும். பிறகு மூன்று நாள் யாரும் கால் வைக்கக்கூடாது, தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். அதற்காக வீட்டுக்காரர்கள் வெளியேறத்தான் வேண்டும்.

ஹாஜியார் ஏற்பாடு செய்திருந்தார். அவரும் பெண்களும் பிள்ளையும் நற்பிட்டிமுனையில் சொந்தக்காரர் வீட்டுக்கு. ஜுனைட் பள்ளிவாசலில் படுத்துக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றுவது.

"தண்ணி ஊத்திறது என்ட வேலை" என்றேன். "தெரியாத ஆள் ஊத்தினாத் தரை வெடிக்கும். ஜுனைட் ராத்தாட ஊட்டுக்குப் போகட்டும்."

"மூணு நாளைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?"

அவரைக் கேற்றுக்கு வெளியே கூட்டிப் போனேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"ஹாஜியார், கேட்டுப் போறதுக்கு ஊடு இல்ல எண்டீங்க. இப்ப இரிக்கி. வரிப்பத்தான்சேனையில மூணு நாளைக்கு அவன் ராத்தாட ஊட்டு ஆள். தரை காஞ்சா அவன் திரும்பி வந்துருவான். மறுகா சாய்ந்தமருதுக்காரங்க வந்துருவாங்க. அதுக்கு மேல கேக்க ஆளும் இல்ல, ஊடும் இல்ல."

அவர் உள்ளே போய், மூன்று நாளைக்கு ராத்தா வீட்டுக்குப் போய்வரும்படி ஜுனைட்டிடம் சொன்னார்.

ஜுனைட் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது நஸ்மியா ஓடிவந்து பையின் வாரைப் பிடித்தாள். "எப்ப வாப்பா வருவீங்க?" என்று கேட்டாள்.

"தரை காஞ்ச உடன" என்றான். அதற்குப் பிறகு மாதக் கடைசி என்று ஒன்று வருவதை அந்தப் பிள்ளைக்கு அவன் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஹாஜியார் வந்தார். கேற்றடியில் நின்று "காஞ்சிட்டா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். போய்விட்டார். புதன்கிழமையும் அதே நேரம் வந்தார். அதே கேள்வி, அதே பதில். எனக்கு அந்த மனிதனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதர், நூறு பேருக்குப் பஞ்சாயத்துச் சொன்னவர், ஒரு கேள்வி கேட்பதற்கு இவ்வளவு பாடா என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி ஏசினேன். நல்ல வேளை, வீட்டில் ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலையில் மட்டப்பலகையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒரு தாள்கூட அடியில் நுழையவில்லை. ஏறி நடக்கலாம் என்ற அளவுக்கு இறுகிவிட்டது. அந்த நேரம் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் சாரம், தொப்பி.

"காஞ்சிட்டா?"

நான் பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி முழுத் தண்ணீரையும் தரையில் ஊற்றினேன். "இல்ல" என்றேன்.

தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் பரவி நிற்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீயும் வா, சீனி" என்றார்.

நகக்கண்ணில் சீமெந்தோடு, மாப்பிள்ளை கேட்டுப் போகும் பெரிய மனிதராக நான் ஓட்டோவில் ஏறினேன். காரைதீவுச் சந்தியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். யுத்தம் முடிந்தாலும் சாவடி முடியவில்லை. ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, உடைந்த தமிழில் எங்கே போகிறது என்று கேட்டான்.

"மாப்பிள்ள கேக்கப் போறன்" என்றார் ஹாஜியார். முதல்முதலாக அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அவனிடம்தான். அவனுக்கு விளங்கவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

வரிப்பத்தான்சேனையில் ஜுனைட்டின் ராத்தா எங்களைக் கண்டதும் கதிரைகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஜுனைட் வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தான். ஸலாம் சொல்லியாயிற்று, தேத்தண்ணீர் குடித்தாயிற்று. இந்தப் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று ஹாஜியார் கேட்டார். வரும் என்றான் ஜுனைட். நான் இரண்டு தரம் செருமினேன்.

"தரை காஞ்சிட்டு" என்றார் ஹாஜியார்.

ஜுனைட் எழும்பினான். "அப்ப பையை எடுத்துட்டு வாறன் மாமா. டைல்ஸ் வேலைக்குக் காக்காவுக்கு ஆள் வேணும்தானே."

"இரி, மகன்." ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டார். "நான் உன்னைக் கூட்டிப் போக வரல்ல. கேக்க வந்தன். பஸ்லியாவுக்கு உன்னைக் கேட்டு வந்திரிக்கன்."

கதவுக்குப் பின்னால் ராத்தாவின் வளையல் சத்தம் கேட்டது. ஜுனைட் உட்கார்ந்தான்.

"அஞ்சி வருஷமா ஏன் மாமா கேக்கல்ல?"

கேற்றுக் கதையை இங்கேயும் எடுத்துவிடப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"உன்ட மொகத்தைப் பார்த்துக் கேக்க என்னால ஏலாமப் போச்சி. கலியாணத்துக்குப் போற அண்டைக்கு நீ என்னட்ட என்ன செல்லின? நபீலாவுக்குக் காய்ச்சல், விடிஞ்சதும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகணும் எண்டு செல்லின. காய்ச்சல்தானே, பின்னேரம் காட்டலாம், விடியச் சாமம் வயலுக்குப் போய்த் தண்ணியை வடிய உடு எண்டு நான்தான் செல்லினன். டிஸ்பென்சரி மெயின் றோட்டுக்கு அங்கால, கடல் அங்க ஏறல்ல. அங்க போயிரிந்தா அவள் இரிந்திரிப்பாள். ஒரு மகளை இப்படிக் கடலுக்குக் குடுத்தவன், மத்தவளக் கட்டு எண்டு எந்த வாயால கேக்கிற?"

எதிர் வளவில் இருந்துகொண்டு ஐந்து வருடமாக எனக்கு இது தெரியாது. மனைவிக்குக் காய்ச்சலென்று தெரிந்தும் இவன் வயலுக்குப் போனானே என்று ஊர் ஜுனைட்டைத்தான் கதைத்தது. நானும் கதைத்திருக்கிறேன். அவன் ஒருநாளும் மாமாவின் பெயரை எடுக்கவில்லை.

"நீங்க செல்லத்தான் செல்லினீங்க மாமா" என்றான் ஜுனைட். "போனது நான். போகாம இரிந்திரிக்கலாம். நீங்க என்னைக் கேப்பீங்க, கேப்பீங்க எண்டு அஞ்சி வருஷமாப் பயந்துக்கிட்டு இரிந்தன். ஏன் அவள உட்டுட்டுப் போனாய் எண்டு ஒருநாளைக்காவது கேப்பீங்க எண்டு."

இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில், ஒரே சோற்றுச் சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"பஸ்லியாட்டக் கேட்டீங்களா?" என்றான் ஜுனைட் கடைசியில்.

"அந்தப் புள்ள உன்னில குறை காணல்ல, தன்னில என்ன குறை எண்டுதான் கேட்டுக்கிட்டு இரிக்கி" என்றேன் நான். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஓம் மாமா" என்றான். பிறகு சொன்னான்: "ஆனா இண்டைக்கு வரமாட்டன். கலியாணத்தண்டைக்கு என்னை இஞ்ச வந்து கூட்டிப் போங்க. அதுவரைக்கும் புள்ளைய மட்டும் பள்ளிக்கூட லீவு நாள்ல அனுப்புங்க."

"அனுப்புறன்" என்றார் ஹாஜியார். "சாய்ந்தமருதுக்காரங்களுக்கு நான் செல்லிக்கிறன். இன்னம் வாக்குக் குடுக்கல்ல."

கேட்டு வந்த காரியம் முடிந்தது. எழும்ப வேண்டிய நேரம். நான் எழும்பிவிட்டேன். ஹாஜியார் எழும்பவில்லை. கதிரையை ஜுனைட்டுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"மகன், அண்டைக்கு நீ போகக்குள்ள அவளுக்குக் காய்ச்சல் எவ்வளவு இரிந்திச்சி?"

ஜுனைட் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"குறைஞ்சிரிந்திச்சி மாமா. சுபஹுக்கு ஒழும்பித் தொழுதாள். ரொட்டி சுட்டுத் தந்தாள். நீங்க போங்க, எனக்கு இப்ப சுகம் எண்டு அவள்தான் அனுப்பினாள்."

"அவளும் திண்டாளா?"

"ஒரு துண்டு. சம்பல் உறைக்கிது எண்டு செல்லிச் சீனியோட திண்டாள்."

"என்ன உடுத்திரிந்தாள்?"

ஜுனைட் சொன்னான். ஹாஜியார் அடுத்ததைக் கேட்டார். புள்ளையைப் பற்றி ஏதும் சொன்னாளா, வாப்பாவைப் பற்றி ஏதும் சொன்னாளா, வாசல்வரைக்கும் வந்தாளா. கையைக் கதிரைப் பிடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜுனைட் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். நான் வெளியே போய் ஓட்டோக்காரனிடம் இன்னும் நேரம் எடுக்கும் என்று சொன்னேன். மதியம் ளுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை அவர் கேட்டு முடிக்கவில்லை.